கவசம் பூண்ட கெளுத்தி

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது நகர வாழ்க்கையின் எளிய இன்பங்களுள் ஒன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் சிறு குடியிருப்புகளில் வாழும் நம்மவர் பலருக்கு, தோட்டம் போடவும் பசு வளர்க்கவும் இடமில்லாத குறையை அந்தத் தொட்டி ஓரளவு தீர்த்து வைக்கிறது. பொன்னிற மீன்கள் நடுவில் உலவ, ஓரத்தில் கண்ணாடியோடு வாயை ஒட்டிக்கொண்டு, கறுத்த மேனியும் கோடும் புள்ளியுமாக ஒரு மீன் அசையாது கிடப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். அழகுக்காக அதை வாங்குவோர் குறைவு. தொட்டியில் படியும் பாசியைத் தின்று துப்புரவு செய்யும் என்று சொல்லி, விரல் நீளக் குஞ்சாகக் கடைக்காரர் அதை விற்கிறார். அந்த எளிய மீன் திருவனந்தபுரத்து நீர்நிலைகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, அங்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் அதன் பெயர்களைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குப் பெயரில் கண் நிற்பது இயல்பு. கடையில் இதற்கு 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர்' என்றும் பெயர். ஆந்திரத்திலும் தெலுங்கானாவிலும் மீனவர் இதனைத் 'தெய்யம் சேப' என்கின்றனர்; பேய் மீன் என்பது பொருள். மெக்ஸிகோ நாட்டு மீனவரும் தம் ஸ்பானிய மொழியில் பிசாசு மீன் என்றே அழைக்கின்றனர். விஞ்ஞானிகள் இது சார்ந்த குடும்பத்துக்கு 'லோரிக்காரிடே' என்று பெயரிட்டுள்ளனர். 'லோரிகா' என்பது உரோமானியப் போர்வீரன் அணிந்த மார்புக் கவசத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். இம்மீனின் பேரினப் பெயரான 'டெரிகோப்ளிக்திஸ்' என்பதில் சிறகு, படைக்கலம், மீன் என்னும் பொருளுடைய மூன்று கிரேக்கச் சொற்கள் புணர்ந்து நிற்கின்றன. திருவனந்தபுரத்தில் அறியப்பட்ட இனத்தின் பெயர் 'மல்டிரேடியேட்டஸ்'. முதுகுத் துடுப்பில் பல கதிர்களை உடையது என்று பொருள். 1828-ஆம் ஆண்டில் ஹான்காக் என்பார் இதனை முதன்முதலில் விவரித்து எழுதினார்.

விற்பவருக்கு அது துப்புரவாளர். வலை கிழிந்தவருக்கு அது பேய். ஆராய்பவருக்கு அது கவசம் பூண்ட வீரர். ஒரே மீனுக்கு வழங்கும் இம்மூன்று பெயர்களிலும் அதன் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. தமிழில் நாம் இதனைக் கவசக் கெளுத்தி என்று வழங்கலாம். நம் குளங்களில் வாழும் கெளுத்திக்கும் வாளைக்கும் இது தூரத்து உறவு. ஆனால், நம் கெளுத்தியின் மேனி வழுவழுப்பானது. இதன் மேனியிலோ எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்தாற்போல் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. வாய் முகத்தின் அடிப்புறத்தில் வட்டமாக அமைந்து, பாறையிலும் மரத்திலும் அட்டைபோல் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. வேகமாக ஓடும் நீரிலும் இழுபட்டுப் போகாமல், பாசியைச் சுரண்டித் தின்பதற்கு ஏற்ற அமைப்பு இது.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே ஓரினோகோ, அமேசான் முதலிய பெரிய ஆறுகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள் சுமார் ஆயிரம் இனங்களாகப் பெருகி வாழ்கின்றன. அங்கு இவற்றைப் பேய் என்று யாரும் சொல்வதில்லை. அமேசான் கரையில் வாழும் பிரேஸில் நாட்டு மக்கள் இவ்வகை மீனை ஓட்டோடு நெருப்பில் வாட்டி உண்கின்றனர். காயவைத்து மாவாக்கி, 'பிராகுயி' என்ற பெயரில் சேமித்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இதனை உண்ணும் பெரிய மீன்களும் முதலைகளும் அந்த ஆறுகளிலேயே இருக்கின்றன. தன் ஊரில் அது பத்தோடு பதினொன்று. அதன் பெருக்கத்துக்கு அங்கே ஒரு வரம்பு உண்டு.

இனி, திருவனந்தபுரத்துக்கு வருவோம். இந்நகரின் நடுவே ஆமையிழஞ்சான் தோடு என்று ஓர் ஓடை உண்டு. மலையாளத்தில் 'தோடு' என்றால் ஓடை. 'இழயுக' என்றால் ஊர்தல். ஆமை ஊர்ந்து திரிந்த ஓடை என்பது பெயரைக் கேட்டவுடன் தோன்றும் பொருள். ரயில் நிலையம் அமைந்துள்ள தம்பானூரைக் கடந்து, கண்ணம்மூலை வழியாகச் சென்று, ஆக்குளம் காயலில் இது கலக்கிறது. நாகர்கோவில் பக்கமிருந்து ரயிலில் வந்து இறங்கும் தமிழர் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, இவ்வோடையின் மேல்தான் காலடி வைக்கின்றனர். ரயில் நிலையத்துக்கு அடியில் அது சுரங்கம்போல் ஓடுகிறது. நகரின் சாக்கடை நீரும் பிளாஸ்டிக் குப்பையும் சேர்ந்து அதனைக் கறுத்த கால்வாயாக்கிவிட்டன. 2024-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள், அந்தச் சுரங்கப் பகுதியில் அடைப்பை நீக்க இறங்கிய துப்புரவுத் தொழிலாளி ஒருவர் நீரில் காணாமற்போனார். மூன்றாம் நாள்தான் அவர் உடல் கிடைத்தது. மனிதர் இறங்கினால் உயிரோடு மீள உறுதியில்லாத அந்த நீரில்தான் கவசக் கெளுத்தி குடும்பமும் குழந்தைகளுமாக வாழ்கிறது.

அலங்கார மீன்கள் கேரளத்து நீர்நிலைகளுக்குள் புகுந்துவிட்டதை 2009-ஆம் ஆண்டிலேயே 'கரண்ட் சயின்ஸ்' என்னும் ஆராய்ச்சி ஏட்டில் விஞ்ஞானிகள் சிலர் சுட்டிக்காட்டினர். கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறையைச் சேர்ந்தவர்கள் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இந்நகரின் ஓடைகளில் கவசக் கெளுத்தி நிலைபெற்றுவிட்டதை எடுத்துரைத்தது. எப்போதோ தப்பி வந்த ஒன்றிரண்டு மீன்களைப் பற்றிய செய்தியன்று இது. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருகும் ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி.

கடல் கடந்த மீன் சாக்கடைக்குள் எப்படி வந்தது? யாரும் தீய எண்ணத்துடன் கொண்டுவந்து விடவில்லை. விரல் நீளக் குஞ்சாக வாங்கிய மீன், ஓரிரண்டு ஆண்டுகளில் முழ நீளம் வளர்ந்துவிடுகிறது. தொட்டி சிறிது, மீன் பெரிது. துப்புரவு செய்ய வந்த மீனின் கழிவே தொட்டியை அழுக்காக்குகிறது. அதைக் கொல்ல மனம் வருவதில்லை, குழந்தைகள் அழுகின்றனர். அப்போது வீட்டில் ஒருவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றுகிறது: 'ஏதாவது ஓடையில் விட்டுவிடலாம், பிழைத்துப் போகட்டும்.' இரக்கத்தினால் செய்யும் காரியம் இது. சிறை மீட்ட புண்ணியம் கிட்டியதாக எண்ணி வீடு திரும்புகிறோம். ஆனால், ஓர் உயிருக்குக் காட்டிய கருணை, அந்த ஓடையில் ஏற்கெனவே வாழ்ந்த எண்ணற்ற உயிர்களுக்குக் கேடாக முடியக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சாக்கடை நீரில் மற்ற மீன்கள் சாகும்போது இது மட்டும் பிழைப்பதற்குக் காரணம் உண்டு. அழுக்கு மிகுந்த நீரில் பிராணவாயு குறைந்துவிடும். செவுளால் மட்டும் சுவாசிக்கும் மீன்கள் திணறி இறக்கும். கவசக் கெளுத்தியோ நீர்மட்டத்துக்கு வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிக்கொண்டு திரும்பிவிடும். அதன் இரைப்பையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதால், விழுங்கிய காற்றிலிருந்து பிராணவாயுவை அது பெற்றுக்கொள்கிறது. வயிறே அதற்கு இரண்டாவது சுவாச உறுப்பு. நீரைவிட்டு வெளியே எடுத்துப் போட்டாலும் பல மணி நேரம் உயிரோடிருக்கும். நம் விராலும் தேளியும்கூடக் காற்றைச் சுவாசிக்க வல்லவைதாம். ஆனால், அவற்றுக்குக் கவசம் இல்லை.

அடுத்தது, அதன் குடும்ப வாழ்க்கை. ஆண் மீன், கரையின் மண்ணைக் குடைந்து, மூன்று நான்கு அடி நீளமுள்ள வளை தோண்டுகிறது. பெண் மீன் அதனுள் முட்டையிடுகிறது. ஓர் ஈட்டில் சில நூறு முதல் இரண்டு மூவாயிரம் வரை முட்டைகள் இருக்கும். குஞ்சு பொரிக்கும்வரை தந்தை காவல் நிற்கிறது. முட்டையைக் கண்போல் காக்கும் இப்பண்பு போற்றத்தக்கதே. ஆனால், ஒரே கரையில் நூற்றுக்கணக்கான வளைகள் தோன்றினால், அக்கரை உள்ளே கோறையாகி, மழைக்காலத்தில் சரிந்து விழும். வெளிநாடுகளில் ஏரிக்கரைகளும் ஆற்றங்கரைகளும் இவ்வாறு சிதைந்துள்ளன.

தீங்கு கரையோடு நிற்பதில்லை. பாசியும் அடிமட்டத்து மக்கிய பொருள்களும் நம் நாட்டுச் சிறு மீன்கள் பலவற்றுக்கும் உணவு. பெருந்தொகையாக வந்து அதனைச் சுரண்டித் தீர்க்கும் மீன், நம் மீன்களின் உணவில் பங்கு கேட்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் பிற மீன்களின் முட்டைகளும் அதன் வாய்க்குத் தப்புவது அரிது. பறவைகளுக்கும் இது ஆகாத இரை. அச்சம் நேர்ந்தால் இம்மீன் தன் முட்துடுப்புகளை விறைப்பாக விரித்து நிறுத்திக்கொள்ளும். போர்ட்டோ ரிக்கோ தீவில் இதனை விழுங்க முயன்ற கூழைக்கடாக்கள் தொண்டை அடைத்து மாண்டதாக 1994-ஆம் ஆண்டில் ஒரு பதிவு வெளிவந்தது. மீனவரின் வலையில் சிக்கினால், முட்கள் நூலோடு பின்னிக்கொள்கின்றன. அறுத்தெடுத்தால்தான் மீன் வரும், வலையும் கிழியும்.

மெக்ஸிகோவில் இன்ஃபியர்நில்யோ என்னும் பெரிய நீர்த்தேக்கம் உண்டு. நம் ஊரில் ஜிலேபி மீன் என்று சொல்கிறோமே, அந்தத் திலேப்பியாவைப் பிடித்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. கவசக் கெளுத்தி புகுந்து சில ஆண்டுகளுக்குள், வலையில் விழுவதில் பெரும்பகுதி இதுவாகவே ஆயிற்று. அம்மீன்பிடித் தொழில் நிலைகுலைந்தது. நம் நாட்டிலும் கொல்கத்தாவின் கிழக்கே சாக்கடை நீரைப் பயன்படுத்தி மீன் வளர்க்கும் புகழ்பெற்ற ஏரிகளில் இது பரவி, மீன் வளர்ப்போருக்கு நட்டம் விளைவித்து வருகிறது. கிருஷ்ணை, கோதாவரி ஆற்றுப் பகுதிகளிலும் இதே முறையீடு. ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய விஞ்ஞானிகள், ஒரு நீர்நிலையில் முகந்த நீரில் கலந்துள்ள மரபணுத் துணுக்குகளைக் கொண்டே இம்மீன் அங்கு உண்டா இல்லையா என்று கண்டறியும் முறையை வகுத்துள்ளனர்.

திருவனந்தபுரத்தில் இது ஓர் ஓடைக்குள் அடங்கிக் கிடக்கும் என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. ஆமையிழஞ்சான் தோடு ஆக்குளம் காயலோடும், ஆக்குளம் வேளிக் காயலோடும் தொடர்புடையவை. அருகில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராணி கௌரி பார்வதி பாயி ஆட்சிப் பொறுப்பிலிருந்தபோது படகுப் போக்குவரத்துக்கென வெட்டிய பார்வதி புத்தனாறு வடக்கே கடினங்குளம் காயலை நோக்கிச் செல்கிறது. நெல்லும் தேங்காயும் ஏற்றிச் செல்ல முன்னோர் அமைத்த அந்த நீர்வழி, இன்று இம்மீனுக்கும் வழியாகிறது. கவசக் கெளுத்தி நன்னீர் மீனே ஆயினும், சிறிதளவு உப்புக் கலந்த நீரையும் தாங்கும். இவற்றோடு வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில், வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அமேசான் நாட்டு 'அரபைமா' என்னும் பெரிய மீன் கேரளத்து ஆறுகளில் பிடிபட்டதை நேயர்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். மனிதர் போட்ட வேலியை வெள்ளம் மதிப்பதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அயலிலிருந்து வந்தது என்பதே ஓர் உயிரின் குற்றம் ஆகாது. பிழைப்புக்காக வேற்று மாநிலம் சென்று, அங்குள்ள மண்ணுக்கும் மக்களுக்கும் பயன்பட வாழும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கேரளத்தின் ஏழை எளியவரைப் பஞ்ச காலங்களில் காத்த மரச்சீனிக் கிழங்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனைப் பயிரிடும்படி ஊக்கினார். திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-ஆம் ஆண்டில் மத்திய அரசு கிழங்குப் பயிர்களுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையமே நிறுவியது. அதே கண்டத்தின் பிரேஸில் நாட்டிலிருந்து வந்த மற்றொரு செடி, நீர்மேல் மிதந்து பரவும் பாயல். அதனை ஆப்பிரிக்கப் பாயல் என்று தவறாகப் பெயரிட்டு அழைக்கின்றனர். அது கேரளத்தின் வயல்களையும் கால்வாய்களையும் மூடி, படகு செல்லவும் வழியில்லாமல் செய்தது. 1980-களில் அதன் தாயகத்துச் சிறு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகே கேடு தணிந்தது.

மரச்சீனிக்கும் பாயலுக்கும் உள்ள வேறுபாடு பிறந்த இடத்தில் இல்லை. மரச்சீனியை மனிதர் நட்டார்; நட்ட இடத்தில் அது நின்றது; வேண்டும்போது பிடுங்கினார். பாயல் மனிதர் கைக்கு அடங்காமல் தானே பரவியது. ஒரு புதிய உயிரை வரவேற்கும் முன் நாம் கேட்கவேண்டிய கேள்வி, எங்கிருந்து வந்தது என்பதன்று; தடுக்க விரும்பினால் தடுக்க முடியுமா என்பதே. கவசக் கெளுத்தி இவ்விஷயத்தில் பாயலின் கட்சி. அதற்கோ இதுவரை அப்படியொரு வண்டு கிடைக்கவில்லை.

மீன் வாணிகத்தின் மறுபக்கமும் நினைக்கத் தக்கது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெள்ளிய ஓடைகளில், மேனியில் செந்நிறக் கோடு தீட்டிய ஓர் அழகிய சிறு மீன் வாழ்கிறது. சென்னை மாகாணக் கவர்னராயிருந்த டெனிசன் பெயரால், 1865-ஆம் ஆண்டில் ஃபிரான்சிஸ் டே என்னும் அறிஞர் அதற்குப் பெயர் சூட்டினார். வாணிகர் வழங்கும் பெயர் 'மிஸ் கேரளா'. அயல்நாட்டுத் தொட்டிகளுக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால், இன்று அது அருகிவரும் உயிர்களின் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. மலையோடையின் மணியை அயல்நாட்டுத் தொட்டிக்கு அனுப்பினோம்; அயல்நாட்டு ஆற்றின் மீனைத் தொட்டிக்கு வரவழைத்து, அதனை ஓடையில் விட்டோம். இரு வகையிலும் இழந்தது நம் ஓடையே.

அந்த இழப்பு எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். கயல், வாளை, வரால், அயிரை என்று சங்கப் பாடல்கள் நம் நீர்நிலைகளின் மீன்களைப் பெயர் சொல்லி அழைக்கின்றன. அயிரை என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் இன்றும் வழங்குகிறது. நீர்மட்டத்தில் வானத்தைப் பார்த்தபடி மிதந்து, கொசுப் புழுக்களைத் தின்னும் சிறு மீனை மலையாளிகள் மானத்துக்கண்ணி என்கின்றனர். 'மானம்' என்பது வானம். ஊர் மக்களுக்குச் சம்பளமின்றிச் சுகாதார ஊழியம் செய்யும் மீன் அது. இத்தகைய மீன்கள் ஓடையில் இல்லாமற்போனால், அவற்றின் பெயர்களும் சிறுகச் சிறுக நாவிலிருந்து நீங்கிவிடும். ஆமை ஊர்ந்த ஓடையில் பெயர் மட்டும் எஞ்சியிருப்பது நமக்கு ஓர் எச்சரிக்கை.

செய்யக்கூடியது என்ன? ஒருமுறை நிலைபெற்ற இம்மீனை அடியோடு ஒழித்தல் மிகக் கடினம். முட்டையிடும் பருவத்தில் வளைகளைத் தேடி முட்டைகளை அகற்றுவதும், வலையில் வருவதை மீண்டும் நீரில் எறியாமலிருப்பதும் பெருக்கத்தைக் குறைக்க உதவும். சாக்கடையில் வளர்ந்ததைச் சமைத்துண்ணலாமே என்று சிலர் கூறுவர். ஆனால், அந்த நீரின் நச்சுப் பொருள்கள் மீனின் உடலில் சேரக்கூடும். ஆதலின் அது தக்க யோசனையன்று. ஓடையைத் தூய்மைப்படுத்தினால் மட்டும் இது அழிந்துவிடும் என்பதும் சரியன்று; தூய நீரிலும் இது வாழும். ஆயினும், நீர் தெளிந்தால் நம் மீன்களுக்கும் வாழ இடம் கிடைக்கும். இதற்கு மட்டும் உரிய கோட்டையாக ஓடை இராது. சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளியின் உயிருக்கும் அதுவே காப்பு.

இவையெல்லாம் அரசும் நகராட்சியும் அறிஞரும் மீனவரும் சேர்ந்து செய்யவேண்டியவை. நம் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது மிக எளிய காரியம். அலங்கார மீன் வளர்ப்பு பலருக்குச் சோறு போடும் தொழில். சென்னைக் கொளத்தூரில் அதனை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆதலின், தொட்டி வைப்பதை யாரும் கைவிட வேண்டியதில்லை. வாங்கும் முன், இம்மீன் வளர்ந்தால் எவ்வளவு நீளமாகும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். இடம் போதாது என்று தோன்றினால் வாங்காதீர்கள். வாங்கிய மீன் வளர்ந்துவிட்டால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி உள்ள நண்பரிடம் ஒப்படையுங்கள். ஊர் மாற்றலாகி வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில், யமுனையிலோ, பக்கத்து ஏரியிலோ, கோயில் குளத்திலோ அதனைக் கொண்டுபோய் விடாதீர்கள். குழந்தை அழுதால், அந்தக் குளத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் சிறு மீன்களின் கதையைச் சொல்லுங்கள். குழந்தைக்கு அது விளங்கும்.